சம்பளம் 70%, பில் 100%: ஈஎஸ்ஐ நோய்க்கால உதவித்தொகையில் வீட்டுச் செலவைச் சமாளிப்பது எப்படி?

காய்ச்சலோ, ஆபரேஷனோ, முதுகு வலியோ, டாக்டர் “ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லும்போது நமக்கு முதலில் நினைவுக்கு வருவது உடம்பு அல்ல, 1-ம் தேதி. வாடகை, கரன்ட் பில், கேஸ், பைக் தவணை என எதற்கும் மெடிக்கல் லீவு கிடையாது.

தமிழ்நாட்டில் தொழிற்சாலை, கடை, ஹோட்டல், தனியார் மருத்துவமனை, ஐடி வளாகத்தின் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் என்று வேலை பார்க்கும் ஏராளமானவர்களுக்கு இந்த நேரத்தில் கைகொடுப்பது ஈஎஸ்ஐ. சம்பளச் சீட்டில் மாதாமாதம் 0.75% பிடிக்கிறார்களே, அதுதான். நிறுவனம் தன் பங்காக 3.25% கட்டுகிறது. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை வாங்குபவர்கள் இதில் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு ரூ.25,000.

ஈஎஸ்ஐ என்றால் இலவச மருந்து, மாத்திரை என்று மட்டும்தான் பலர் நினைத்திருக்கிறோம். உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் வரும். அந்தப் பணம் எவ்வளவு, எப்போது வரும், அது வரும்வரை வீட்டை எப்படி ஓட்டுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உங்களுக்கு ஈஎஸ்ஐ இல்லாவிட்டாலும், அப்பாவுக்கோ அக்காவுக்கோ தம்பிக்கோ இருக்கலாம். அவர்களுக்காக போனில் அலையப்போவது அநேகமாக நீங்கள்தான்.

*எவ்வளவு பணம் வரும்?*

நோய்க்கால உதவித்தொகை என்பது உங்கள் சராசரி நாள் ஊதியத்தில் 70%. வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாட்களுக்குக் கிடைக்கும். முதல் 2 நாட்கள் காத்திருப்பு நாட்கள், அவற்றுக்குப் பணம் கிடையாது. ஆனால், ஒருமுறை உடம்பு சரியாகி வேலைக்குப் போய், 15 நாட்களுக்குள் மறுபடி படுத்துவிட்டால் இந்த 2 நாள் பிடித்தம் இருக்காது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மாதச் சம்பளம் ரூ.18,000 என்று வைத்துக்கொள்வோம். 30 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு ரூ.600. அதில் 70% என்றால் ரூ.420. ஒரு மாதம் முழுக்கப் படுத்திருந்தால் முதல் 2 நாள் போக 28 நாட்களுக்கு 28 x 420 = ரூ.11,760.

அதே வீட்டின் மாதச் செலவு இப்படி இருக்கலாம்: வாடகை ரூ.6,000, மளிகை-பால்-காய்கறி ரூ.5,000, பைக் தவணை ரூ.2,500, கேஸ் ரூ.900, கரன்ட் மாதக் கணக்குக்கு ரூ.500, இரண்டு மொபைலுக்கு ரூ.500. மொத்தம் ரூ.15,400. பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் போக ரூ.16,300 அளவில் கைக்கு வந்த மாதங்களில் இழுத்துப் பிடித்து ஓடிய வண்டி இது. இப்போது ரூ.3,640 துண்டு விழுகிறது.

*ஆனால், நிஜமான சிக்கல் தேதியில் இருக்கிறது*

பார்த்தால் ரூ.3,640 சமாளிக்கக்கூடிய தொகை மாதிரிதான் தெரியும். விஷயம் என்னன்னா, ஈஎஸ்ஐ பணம் சம்பளம் மாதிரி 1-ம் தேதியோ 7-ம் தேதியோ வராது. ஈஎஸ்ஐ டாக்டர் சான்றிதழ் தர வேண்டும், அது கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும், அங்கே சரிபார்க்க வேண்டும், பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். நோய் நீண்டால் முதல் சான்றிதழ், இடைச் சான்றிதழ், இறுதிச் சான்றிதழ் எனத் தவணை தவணையாகப் போகும். பணமும் அப்படியே துண்டு துண்டாகத்தான் வரும்.

இதே உதாரணத்தில் 10-ம் தேதி படுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சம்பள நாளில் 9 நாள் சம்பளம் மட்டும் வரும். பிடித்தத்துக்கு முன் ரூ.5,400. அதற்குள் ஈஎஸ்ஐ பணம் வந்து சேராவிட்டால் வாடகைகூட முழுசாகத் தேறாது. பைக் தவணையோ 5-ம் தேதி வங்கிக் கணக்கில் தானாகவே கழிக்க வந்து நிற்கும். பணம் இல்லை என்றால் பவுன்ஸ். அதற்கு வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் இன்னொரு கட்டணம் போடும். ஆக, 30% குறைவதால் வரும் கஷ்டத்தைவிட, பணம் தாமதமாக வருவதால் வரும் அபராதமும் கைமாத்து வட்டியும்தான் வீட்டைச் சாய்க்கின்றன.

அதனால் செய்ய வேண்டிய வேலை இரண்டு. ஒன்று, ஈஎஸ்ஐ பணத்தை ஒரு நாள்கூட வீணாகாமல் வரவைப்பது. இரண்டு, பில்களின் தேதியை நம் பணம் வரும் தேதிக்குப் பக்கத்தில் நகர்த்துவது.

*பணம் சீக்கிரம் வர என்ன செய்ய வேண்டும்?*

முதல் நாளே ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போங்கள். “ரெண்டு நாள் பக்கத்து கிளினிக்ல பார்த்துட்டு அப்புறம் போகலாம்” என்றால், அந்த நாட்களுக்குச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு ஆகிவிடும். தனியார் டாக்டரின் சீட்டு மட்டும் போதும் என்று நம்பி இருக்காதீர்கள். அவசரத்துக்குத் தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தால், வீட்டிலிருந்து ஒருவர் அந்தக் காகிதங்களுடன் உடனே ஈஎஸ்ஐ மருந்தகத்திலோ கிளை அலுவலகத்திலோ விவரம் சொல்லிவிடுவது நல்லது.

வங்கிக் கணக்கு விவரம் ஈஎஸ்ஐ பதிவில் சரியாக இருக்கிறதா என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே பாருங்கள். பழைய கம்பெனியில் திறந்து, பயன்படுத்தாமல் விட்ட சம்பளக் கணக்கு எண்தான் பதிவில் இருக்கிறது என்பது படுத்த பிறகு தெரியவந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். சந்தேகம் என்றால் ஈஎஸ்ஐ கழகத்தின் கட்டணமில்லா எண் 1800-11-2526.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கம்பெனியில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு எடுக்கும் நாளுக்கு ஈஎஸ்ஐ பணமும் வாங்க முடியாது. இரண்டில் ஒன்றுதான். எனவே கையில் மிச்சம் இருக்கும் லீவை எப்படியும் பணம் வராத முதல் 2 நாட்களுக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள். நம் உதாரணத்தில் அதுவே ரூ.1,200 மிச்சம்.

*யாருக்கு இந்தப் பணம் வராது?*

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கவனியுங்கள். மருத்துவ வசதி சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. நோய்க்கால உதவித்தொகைக்குச் சேர்ந்து சுமார் 9 மாதம் ஆக வேண்டும். வழக்கமான விதி இது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உதவித்தொகை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். அடிக்கடி கம்பெனி மாறுபவர்கள், கான்ட்ராக்டர் மாறும்போது நடுவில் ஒரு மாதம் சும்மா இருந்தவர்கள் இந்த 78-ல்தான் சறுக்குகிறார்கள்.

சம்பளம் உயர்ந்து ரூ.21,000-ஐத் தாண்டினால் உடனே வெளியே போய்விட மாட்டீர்கள். அந்தச் சந்தா காலம் முடியும்வரை ஈஎஸ்ஐ தொடரும்.

*70 சதவீதத்துக்கு மேலும் கிடைக்குமா?*

கிடைக்கும், முக்கியமாக இரண்டு சூழலில். காசநோய், புற்றுநோய், பக்கவாதம் உட்பட ஈஎஸ்ஐ பட்டியலில் உள்ள 34 நீண்டகால நோய்கள் என்றால் 91 நாட்களுக்குப் பிறகும் நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை உண்டு. அது 80%, அதிகபட்சம் 2 ஆண்டுகள் வரை. இதற்கு 2 ஆண்டுகள் தொடர்ந்து ஈஎஸ்ஐ வேலையில் இருந்திருக்க வேண்டும், சந்தா நாட்களுக்கும் தனி நிபந்தனை உண்டு.

இரண்டாவது, வேலையில் நடந்த விபத்து. மெஷினில் கை மாட்டியது, குடோனில் வழுக்கி விழுந்தது போன்றவை ‘நோய்’ அல்ல, ‘வேலைக் காயம்’. அதற்கு 90% கிடைக்கும், 78 நாள் நிபந்தனையும் கிடையாது. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால் இதில் வரும். ஆனால், கம்பெனி அதை விபத்து என்று பதிவு செய்து ஈஎஸ்ஐ-க்குத் தெரிவிக்க வேண்டும். “வீட்ல விழுந்துட்டேன்னு சொல்லிடுப்பா, பார்த்துக்கலாம்” என்று சூப்பர்வைசர் சொன்னால், 90-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

*எந்த பில்லை முதலில் கட்டுவது?*

பணம் குறையும்போது நாம் வழக்கமாக யார் அதிகம் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கொடுப்போம். ஒரு நாளைக்கு பத்து தடவை போன் செய்யும் லோன் ஆப்புக்குப் பணம் போகும், அமைதியாக இருக்கும் கரன்ட் பில் தள்ளிப்போகும். கடைசியில் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு, பில்லும் மறு இணைப்புக் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

அதற்குப் பதில், ஒவ்வொரு பில்லிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைக் கட்டாவிட்டால் என்ன போகும், எத்தனை நாளில் போகும்?

*வாடகை:* போனால் வீடே போகும். ஆனால், பேசித் தீர்க்க அதிக வாய்ப்பு இருப்பதும் இதில்தான். வீட்டு ஓனரிடம் நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் இருக்கிறது. “இந்த மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க, மூணு மாசத்துல திரும்ப நிரப்பிடுறேன்” என்று வாடகை தேதிக்கு முன்பே கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி வையுங்கள். பின்னால் கணக்குத் தகராறு வராது.

*கரன்ட் பில்:* இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது, ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். ஆகவே இது நாள் குறித்து வைத்துக் கட்ட வேண்டிய பில். இதில் கவனிக்க வேண்டியது 500 யூனிட் எல்லைக்கோடு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகள் ஏறக்குறைய பாதி விலையில் கிடைக்கும். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை மொத்தமாகப் போய்விடும், தாண்டிய யூனிட்டுகளுக்கும் விலை கூடும். நோயாளி பகல் முழுக்க வீட்டில் இருக்கும் மாதத்தில் ஃபேனும் ஏசியும் கூடுதலாக ஓடும். வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்தாலே நாம் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். பில்லில் ஏதாவது தவறாகத் தெரிந்தால் மின்னகம் எண் 94987 94987-ல் கேட்கலாம்.

வாடகை வீட்டில் சப்-மீட்டர் போட்டு ஓனரே யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் இந்த இலவச 100 யூனிட் உங்களுக்கு வராது. வாடகை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

*கேஸ்:* உஜ்வாலா இணைப்பு என்றால் சிலிண்டருக்கு ரூ.300 மானியம் உண்டு, அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். மொத்தமாக 14.2 கிலோ சிலிண்டருக்குப் பணம் புரட்ட முடியாத வாரத்தில், 5 கிலோ சிலிண்டர் கிடைக்குமா என்று ஏஜென்சியில் கேட்டுப் பாருங்கள். கிலோ கணக்கில் லாபம் இல்லாமல் போகலாம், ஆனால் அந்த வாரம் அடுப்பு எரியும்.

*மொபைல்:* இதை ஆடம்பரம் என்று நிறுத்திவிட முடியாது. வங்கி ஓடிபி அதில்தான் வருகிறது, ஈஎஸ்ஐ அலுவலகம் அழைப்பதும் அந்த எண்ணில்தான். ஆனால், வீட்டில் நாலு சிம்முக்கும் டேட்டா தேவையில்லை. டேட்டா இல்லாமல் குரல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அம்மாவின் பட்டன் போனுக்கு அது போதும். 28 நாள் பேக்கை வருடத்துக்கு 13 முறை போடுகிறோம், 12 முறை அல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

*அடமானம் உள்ள கடன்:* நகைக்கடன், பைக் கடன். கட்டாவிட்டால் பொருள் போகும். நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். பைக் கடனுக்குத் தவணை தேதியை மாற்றித் தருவார்களா என்று, தேதிக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவச் சான்றிதழ் நகலுடன் மெயில் போடுங்கள். பவுன்ஸ் ஆன பிறகு பேசுவதும் அதற்கு முன் பேசுவதும் ஒன்றல்ல.

*அடமானம் இல்லாத கடன்:* கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன், லோன் ஆப். தாமதமானால் வட்டி ஏறும், சிபில் ஸ்கோர் இறங்கும். நஷ்டம்தான். ஆனால், நாளைக்கே வீட்டையோ வெளிச்சத்தையோ இழக்க மாட்டீர்கள். 90 நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் வாராக் கடன் கணக்கில் போய்விடும், எனவே அதற்குள் பேசி முடிப்பது இலக்கு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் போன் போட்டு அவமானப்படுத்துவதும் தடை செய்யப்பட்டது. அப்படி நடந்தால் ஸ்கிரீன்ஷாட், அழைப்பு நேரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

*குழுக் கடன்:* இதை மேலே சொன்ன பட்டியலோடு சேர்த்துவிட முடியாது. நீங்கள் கட்டாத வாரம், பக்கத்து வீட்டு அக்கா தன் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். குழுத் தலைவியிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டத்துக்கு வராமல் இருப்பதுதான் உறவைக் கெடுக்கும்.

*எதில் குறைக்கலாம்?*

பெரிய தொகை இருக்கும் இடம் மளிகை. ரேஷன் கார்டை “அந்த அரிசியை யார் சாப்பிடுறது” என்று வீட்டில் தூங்க விட்டிருந்தால் இது எழுப்ப வேண்டிய நேரம். அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ ரூ.30, பாமாயில் லிட்டர் ரூ.25, சர்க்கரை கிலோ ரூ.25. கடை விலையோடு வைத்துப் பார்த்தால் பருப்பும் எண்ணெயும் பாதிக்கும் கீழ். முகவரி மாறியிருந்தால் கார்டையும் மாற்றுங்கள்.

ஈஎஸ்ஐ மருந்தகத்துக்கும் கிளை அலுவலகத்துக்கும் பலமுறை அலைய வேண்டியிருக்கும். பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம். வீட்டில் காகித வேலையை யார் பார்ப்பது என்று முடிவு செய்யும்போது இதையும் யோசிக்கலாம். மருந்து எழுதிக் கொடுத்தால் வெளியே வாங்குவதற்கு முன், ஈஎஸ்ஐ-யில் இருப்பு உண்டா என்று ஒருமுறை கேளுங்கள்.

*பிஎஃப் பணத்தை எடுக்கலாமா?*

நோய்க்காக பிஎஃப்-பிலிருந்து முன்பணம் எடுக்க வழி உண்டு. இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, வட்டியும் இல்லை. அதனால் மீட்டர் வட்டிக்கோ லோன் ஆப்புக்கோ போவதைவிடப் பல மடங்கு மேல். ஆனால், வயதான காலத்துக்கான பணம் என்பதால் துண்டு விழும் அளவுக்கு மட்டும் எடுங்கள். நம் உதாரண வீட்டுக்கு அது மாதம் ரூ.3,640. கணக்கில் ஐம்பதாயிரம் இருக்கிறதே என்று ஐம்பதாயிரத்தையும் எடுத்தால், அது எங்கே போனது என்று ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடியாது.

*இன்றே செய்யக்கூடிய ஐந்து விஷயங்கள்*

ஒன்று, வீட்டில் யாருக்கு ஈஎஸ்ஐ இருக்கிறது, அவர்களின் காப்பீட்டு எண் என்ன என்று குறித்து வையுங்கள். இரண்டு, பதிவில் உள்ள வங்கிக் கணக்கையும் மொபைல் எண்ணையும் சரிபாருங்கள். மூன்று, பக்கத்து ஈஎஸ்ஐ மருந்தகமும் உங்கள் கிளை அலுவலகமும் எங்கே என்று பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு, எல்லா பில்களையும் தொகை வாரியாக எழுதாமல் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஐந்து, தானாகக் கழியும் தவணைகள் எந்தக் கணக்கில், எந்தத் தேதியில் என்று அதே தாளில் சேருங்கள்.

சம்பளம் ரூ.21,000-க்கு மேல் வாங்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு இந்த 70% கூட இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு வருடத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு உண்டு. 13-வது நாளிலிருந்து உங்கள் நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையும் உங்கள் சேமிப்பும்தான். ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்த்த கையோடு லீவு பக்கத்தையும் ஒருமுறை திறந்து படித்துவிடுங்கள்.